கிணற்றில் இறைத்தால் ஆற்றில் குறையும்

கலிபோர்னியாவின் ஸ்காட் பள்ளத்தாக்கில் புல்லும் மீனும் பங்குபோட்டுக் குடிக்கும் ஒரே தண்ணீரின் கதை

2014 கோடை. வட கலிபோர்னியாவின் ஸ்காட் ஆற்றுப் படுகையில் மீன்வளத் துறை ஆட்கள் வலையும் வாளியுமாக இறங்கினார்கள். கிளை ஓடைகளில் ஓட்டம் அறுந்து, தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கியிருந்தது. அந்தக் குட்டைகளில் விரல் நீளம்கூட வளராத கோஹோ சால்மன் குஞ்சுகள் சிக்கிக் கிடந்தன. குட்டை சுருங்கினால் சூடேறும். சூடேறினால் நீரில் கரைந்த மூச்சுக்காற்று குறையும். கொக்குக்கு வேலை சுலபமாகும். குஞ்சுகளை அள்ளித் தொட்டியில் போட்டு, குளிர்ந்த நீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடங்களுக்கு எடுத்துப்போய் விட்டார்கள். அந்த ஒரு கோடையில் இப்படி இடம் மாறிய குஞ்சுகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வேதனை என்னவென்றால், அதற்கு முந்தைய குளிர்காலம்தான் அமோகமாக இருந்தது. 2013 இறுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய மீன்கள் கடலிலிருந்து ஏறிவந்து ஸ்காட்டில் முட்டையிட்டன. பல ஆண்டுகளாகக் காணாத வரவு. நல்ல வருடம் பார்த்துப் பிறந்த குஞ்சுகளுக்குக் கெட்ட கோடை வாய்த்தது.

மழை பொய்த்தது, ஆறு வற்றியது என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதி, கரையிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, வயலுக்கு நடுவில் மோட்டார் சத்தத்தோடு நிற்கிறது.

ஸ்காட் பள்ளத்தாக்கு ஆரிகன் மாநில எல்லையை ஒட்டிய சிஸ்கியூ மாவட்டத்தில் இருக்கிறது. மேற்கே மார்பிள் மலைத்தொடர். நடுவில் எட்னா, ஃபோர்ட் ஜோன்ஸ் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஆறு பள்ளத்தாக்கின் ஊடாக வடக்கே போய், மலை இடுக்கில் புகுந்து, கிளாமத் பேராற்றில் கலக்கிறது. கிளாமத் பசிபிக்கில் சேர்கிறது. பாசன நிலம் முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் பெரும்பகுதி மேய்ச்சல் புல்லும் குதிரை மசாலும். மாடு வளர்க்கும் நம் விவசாயிகளுக்குக் குதிரை மசாலை யாரும் அறிமுகம் செய்யவேண்டியதில்லை. அங்கே ஒரு கோடைக்கு மூன்று அறுப்பு எடுக்கிறார்கள். காயவைத்துக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள்.

நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் அங்குள்ள பருவம் தலைகீழ். மழையும் பனியும் குளிர்காலத்தில். கோடையில் வானம் சுத்தமாகக் கையை விரித்துவிடும். மலைமேல் கிடக்கும் பனி உருகி வரும்வரை ஆற்றுக்குக் கவலை இல்லை. ஜூலை பிறந்தால் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் தரைக்கு அடியிலிருந்து கசிந்து வரும் நீர்தான். பயிருக்குத் தாகம் உச்சத்தில் இருப்பதும் அதே ஜூலை, ஆகஸ்டில்தான்.

கோஹோவின் வாழ்க்கை இந்த இரண்டு மாதங்களில் போய் மாட்டிக்கொள்கிறது. புதுத்தண்ணிக்கு மீன் ஏறும் என்பது நமக்குத் தெரியும். சால்மனும் அப்படித்தான், ஆனால் அது ஏறுவது கடலிலிருந்து, மலையடிவாரம் வரை. நவம்பர், டிசம்பரில் வந்து, கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிட்டுச் செத்துவிடும். வசந்தத்தில் குஞ்சு வெளிவரும். சினூக் என்கிற அண்ணன்காரன் சால்மனின் குஞ்சுகள் கோடை முற்றுவதற்குள் கடலைப் பார்த்துக் கிளம்பிவிடும். கோஹோ குஞ்சுகள் போகாது. ஒரு முழுக் கோடையையும் ஒரு முழுக் குளிர்காலத்தையும் ஆற்றிலேயே கழித்து, அடுத்த வசந்தத்தில்தான் புறப்படும். மூன்று வயதில் திரும்பி வரும். ஆக, ஒவ்வொரு கோஹோவும் ஒரு ஆகஸ்டைத் தாண்டியே தீரவேண்டும். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, குளிர்ந்த தண்ணீராக இருக்கவேண்டும். தரைக்கடியிலிருந்து ஊறும் நீர் கோடையிலும் குளிர்ச்சியாக வரும். ஊற்று விழும் மடுக்களில் குஞ்சுகள் கூட்டமாக ஒதுங்கி நிற்பது அதனால்தான்.

இந்த வகைக் கோஹோவை அமெரிக்க அரசு 1997-லேயே அருகிவரும் இனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிளாமத் ஆற்று அமைப்பின் கலிபோர்னியப் பகுதியில் மிஞ்சியிருக்கும் முக்கியமான காட்டுக் கோஹோ கூட்டம் ஸ்காட்டில்தான் இருக்கிறது.

இரண்டு தண்ணீர் இல்லை

ஏரி நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளில் ஊறும். இது நம் கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம். அதன் மறுபக்கத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. கிணற்றை விடாமல் இறைத்தால் ஆறு குறையும். ஆற்றுக்குள் கசிந்து வரவேண்டிய நீரைக் கிணறு வழியிலேயே மறித்துக் குடித்துவிடும். இன்னும் இறைத்தால் ஆற்றுக்குள் இருக்கும் நீரே மணல் வழியாகக் கிணற்றை நோக்கி இறங்கும்.

இதைக் கணக்காக எழுதிக்காட்டியவர் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சார்லஸ் தீஸ். 1941-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம், கிணறு எடுக்கும் நீரில் எவ்வளவு பங்கு எப்போது ஆற்றிலிருந்து வருகிறது என்பது. இதில் ‘எப்போது’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. கரையோரக் கிணற்றில் இறைத்தால் சில நாளில் ஆறு அதை உணரும். ஒரு மைல் தள்ளியிருக்கும் கிணற்றில் ஜூலையில் இறைத்த நீருக்கு ஆறு இலையுதிர்காலத்தில்தான் விலை கொடுக்கும். சில இடங்களில் அடுத்த ஆண்டுவரை இழுக்கும். மோட்டாரை நிறுத்திய பிறகும் ஆறு குறைந்துகொண்டே போவதைப் பார்த்து, "நாங்கள்தான் நிறுத்திவிட்டோமே, பிறகும் ஏன் வற்றுகிறது?" என்று விவசாயி கேட்பதில் பொய் எதுவும் இல்லை. அவர் கேட்கும் கேள்விக்கான பதில் இரண்டு மாதம் முன்னால் இறைத்த நீரில் இருக்கிறது.

எவ்வளவு குறைந்தது? ராபர்ட் வான் கிர்க், செத் நேமன் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1976-க்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் ஒப்பிட்டால், ஜூலை முதல் அக்டோபர் பின்பகுதிவரை ஸ்காட்டில் ஓடும் நீர் சுமார் 1 கோடி கனமீட்டர் குறைந்திருக்கிறது. நம் கணக்கில் டி.எம்.சி.யில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் குறைவில் 39 சதவீதத்துக்குப் பொறுப்பு மாறிவரும் தட்பவெப்பம். மீதி 61 சதவீதம் உள்ளூர்க் காரணங்கள். பாசனத்துக்கு எடுக்கும் நீர் 1950-களில் ஆண்டுக்கு 4.8 கோடி கனமீட்டராக இருந்து 10.3 கோடியாக ஏறியது அவற்றில் ஒன்று. இந்த விகிதத்தைப் பண்ணையாளர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பனி குறைந்ததே முழுக் காரணம் என்பது அவர்கள் வாதம். பனி குறைந்திருப்பது உண்மை. ஆனால் பனி குறையக் குறைய மோட்டார் கூடுதலாக ஓடுகிறது என்பதும் உண்மை. பனியை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டுவது அவர்கள் நினைப்பதுபோல் அவர்களுக்குச் சாதகமான வாதம் இல்லை.

கிணறுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயம் ஆகாது. 1830-களில் தோல் வணிகர்கள் வந்தபோது இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெயர் ‘பீவர் பள்ளத்தாக்கு’. மரக்கிளைகளால் ஓடைக்கு அணை கட்டி வாழும் பீவர்கள் அங்கே குவிந்து கிடந்தன. 1836-ல் மட்டும் 1,800 பீவர்களைப் பிடித்ததாக வேட்டையர்களின் கணக்கு சொல்கிறது. அணை கட்டும் பிராணி போனதும், மழைநீரைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கும் ஆளும் போனது. பிறகு தங்கம் தேடிகள். காலஹன் ஊர் அருகே மிதவை எந்திரங்கள் படுகையையே புரட்டிப் போட்டுவிட்டுப் போன கல்மேடுகள் மைல்கணக்கில் இன்றும் கிடக்கின்றன; கோடையில் ஆறு அங்கே கல்லுக்கடியில் மறைந்துவிடும். வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் ஆற்றை நேராக்கவும் செய்தார்கள். ஆழ்கிணறும் மின் மோட்டாரும் வந்தது கடைசியில்.

சிக்கனத்திலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. முன்பெல்லாம் மண் வாய்க்காலில் நீர் பாய்ச்சி வயலில் தேக்குவார்கள். பாதி நீர் ‘வீணாக’ மண்ணுக்குள் போகும். அந்த வீண்தான் ஆகஸ்டில் ஆற்றுக்கு ஊற்றாகத் திரும்பியது. தெளிப்பு நீருக்கும் கிணற்றுக்கும் மாறியபோது வயல் சிக்கனமானது. ஆற்றின் வரவு குறைந்தது. சிமென்ட் வாய்க்காலையும் சொட்டுநீரையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடும் நம் அதிகாரிகள் ஒருமுறை ஸ்காட்டின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

சட்டம் போட்ட கோடு

கலிபோர்னியா 1914-லேயே ஆற்று நீருக்கு அனுமதிச்சீட்டு முறை கொண்டுவந்தது. நிலத்தடி நீரை மாநிலம் தழுவிய சட்டத்துக்குள் கொண்டுவர 2014 ஆனது. சரியாக நூறு ஆண்டு. அதுவரை மேலே ஓடுவது ஒரு தண்ணீர், கீழே ஊறுவது வேறு தண்ணீர் என்றுதான் சட்டம் நடந்துகொண்டது.

அந்த நூறாண்டில் ஸ்காட் ஒரு விதிவிலக்கு. 1980-ல் மாவட்ட நீதிமன்றம் இங்கே யாருக்கு எவ்வளவு நீர் என்று பங்கீட்டுத் தீர்ப்பு கொடுத்தபோது, ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரையும் சேர்த்தே கணக்கிட்டது. கலிபோர்னியாவில் அதுதான் முதல் முறை. அதற்கென்றே தனிச்சட்டம் போட்டார்கள். ஆனால் ஆற்றையொட்டி ஒரு பட்டையை வரைந்து, அதற்குள் இருக்கும் கிணறுகளை மட்டும் ஆற்றின் பங்காளிகள் என்றார்கள். கோட்டுக்கு வெளியே தோண்டினால் கேட்பாரில்லை. பிந்தைய ஆண்டுகளில் அங்கே கிணறுகள் பெருகின. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது.

அதே தீர்ப்பில் வனத்துறைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் மீனுக்காக வினாடிக்கு 30 கனஅடி. மேட்டூரில் ஆயிரக்கணக்கில் கனஅடி படித்துப் பழகிய கண்ணுக்கு 30 ஒரு எண்ணாகவே தெரியாது. அந்த 30-கூட வறண்ட ஆண்டுகளில் ஓடவில்லை. ஃபோர்ட் ஜோன்ஸ் அளவு நிலையத்தில் 10 கனஅடிக்கும் கீழே போன கோடைகள் உண்டு.

2010-ல் சுற்றுச்சூழல் சட்ட அறக்கட்டளை ஒன்றும் பசிபிக் கரை மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் வழக்குப் போட்டன. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வழக்காடியவர்களில் மீன் பிடித்துப் பிழைப்பவர்களும் இருந்தார்கள். இதை ‘மீனா, விவசாயியா?’ என்று தலைப்புப் போட்டு எழுதுவது பத்திரிகைக்காரர்களின் சோம்பேறித்தனம். ஒரு பக்கம் புல் அறுத்துப் பிழைப்பவர். மறுபக்கம் படகு ஓட்டிப் பிழைப்பவர். கூடவே, சால்மனை உணவாகவும் சடங்காகவும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிவரும் கருக், யூரோக் பழங்குடிகள். 2002 செப்டம்பரில் கீழ்க் கிளாமத்தில் ஓட்டம் குறைந்து, நீர் சூடேறி, நோய் பரவி 34,000 மீன்களுக்கு மேல் செத்து மிதந்ததை அந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. 2023-லும் 2024-லும் கலிபோர்னியக் கடலோரம் முழுக்க சால்மன் பிடிப்பே மூடப்பட்டது.

வழக்கின் கேள்வி எளிது. ஆறு பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே. அப்படியானால் ஆற்றை வற்றவைக்கும் கிணற்றுக்கு அனுமதி கொடுக்கும்போது அரசு ஆற்றை நினைத்துப் பார்க்கவேண்டாமா? வேண்டும் என்று 2018 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2014 சட்டம் வந்துவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடவில்லை என்றும் சேர்த்துச் சொன்னது.

இந்தத் தீர்ப்புக்கு அடித்தளம் 1983-ன் மோனோ ஏரி வழக்கு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஓடைகளைத் திருப்பிக்கொண்டதால் சுருங்கிய ஏரி அது. நம் உச்ச நீதிமன்றமும் பியாஸ் ஆற்றை ஒரு விடுதிக்காகத் திருப்பிய வழக்கில், 1996 டிசம்பரில், அதே மோனோ ஏரித் தீர்ப்பை எடுத்துக்காட்டித்தான் பொது அறங்காவல் கொள்கையை இந்தியச் சட்டமாக ஏற்றது. அதைவிட ஆச்சரியம், நிலத்தடி நீர் பொதுச்சொத்துதான் என்று பிளாச்சிமடை குளிர்பான ஆலை வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2003-லேயே எழுதிவிட்டார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கலிபோர்னியா பதினைந்து ஆண்டு கழித்துத் தொட்ட இடத்தை நாம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டோம்.

மோட்டாரை நிறுத்து

2021-ல் மறுபடி கடும் வறட்சி. ஆகஸ்டில் மாநில நீர்வள வாரியம் ஸ்காட்டுக்கும் பக்கத்துப் பள்ளத்தாக்கின் ஷாஸ்டா ஆற்றுக்கும் அவசரகால விதி கொண்டுவந்து, மீனுக்கான குறைந்தபட்ச ஓட்டத்தை எண்ணாக எழுதியது. அந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆற்று மடைகளும் கிணறுகளும் அடைக்கப்படவேண்டும். ஒரேயடியாக நிறுத்த முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: பயன்படுத்தும் நிலத்தடி நீரில் 30 சதவீதத்தைக் குறைப்பதாகத் திட்டம் எழுதிக்கொடுத்தால், மீதியை இறைத்துக்கொள்ளலாம்.

இந்த இரண்டாவது வழி எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. ஆகஸ்ட் முடிவில் வந்து தூரத்துக் கிணற்றைப் பூட்டுவதால் அந்த ஆகஸ்டின் குஞ்சுகளுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது; பலன் பின்னால்தான் வரும். மே மாதத்திலேயே பருவம் முழுவதற்கும் குறைத்துக்கொண்டால் ஆறு காலத்தில் பெறும். ஆனால் அவசர விதிகள் எப்போதும் நெருக்கடி முற்றிய பிறகே பிறக்கின்றன. அதுதான் அவற்றின் ஜாதகம்.

2022 ஆகஸ்டில் ஷாஸ்டாவில் ஒரு பாசனச் சங்கம் வாரியத்துக்குக் கடிதம் எழுதி அறிவித்துவிட்டே மோட்டாரை ஓட்டியது. மாடுகளுக்குக் குட்டை நிரப்பவேண்டும் என்றார்கள். எட்டு நாள் இறைத்தார்கள். ஆற்றின் ஓட்டம் மளமளவென்று பாதிக்கும் கீழே இறங்கியது. அபராதம் நாளுக்கு 500 டாலர் வீதம் 4,000 டாலர். சங்க உறுப்பினர்களுக்குப் பிரித்தால் தலைக்குச் சுமார் 50 டாலர். அந்த விலைக்கு அங்கே எவரும் லாரித் தண்ணீர் தரமாட்டார்கள். ஊரே சிரித்த பிறகு, 2024-ல் சட்டம் திருத்தப்பட்டு, இப்படி நிறுத்தக் கட்டளையை மீறுவோருக்கான அபராதம் நாளுக்கு 10,000 டாலர்வரை உயர்ந்தது.

ஷாஸ்டா இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. எரிமலைப் பாறைக்குள்ளிருந்து ஆண்டு முழுக்கக் குளிர்ந்த ஊற்று வரும் ஆறு அது. 1931-ல் 80,000-க்கும் மேற்பட்ட சினூக் மீன்கள் அங்கே ஏறின. 2000-களின் பிற்பகுதியில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஊற்றுள்ள பண்ணை நிலத்தை வாங்கி, மாடு இறங்காமல் வேலி போட்டது. நீருக்குள் செடி அடர்ந்து, நிழல் விழுந்து, ஓடை குளிர்ந்தது.

ஸ்காட்டில் இரண்டு முயற்சிகள் கவனத்துக்குரியவை. ஒன்று, குளிர்காலத்தில் வீணே ஓடும் வெள்ளத்தைக் குதிரை மசால் வயலில் தேக்குவது. பயிர் உறங்கும் பருவம் என்பதால் அழுகாது. 2015-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் ஸ்காட்டில் சில வயல்களில் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு வயலில் அந்தப் பருவத்தில் விட்ட நீரைக் கூட்டினால் 20 அடி உயரத்துக்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்குள் இறங்கியது. விளைச்சல் பெரிதாக அடிபடவில்லை. ஜனவரியில் இறங்கிய நீர் மெல்ல நகர்ந்து ஆற்றுக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். மீனைக் கொன்ற அதே தாமதம், சரியான மாதத்தில் நீரை விட்டால் மீனைக் காப்பாற்றும். எந்த வயலில் விட்டால் எந்த மாதம் ஆற்றில் எழும் என்று கணிக்கத்தான் அதே வளாகத்தின் தாமஸ் ஹார்ட்டர் குழுவினர் பள்ளத்தாக்கு முழுவதற்கும் கணினி மாதிரி செய்துவைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, போன பீவரைத் திரும்ப அழைப்பது. 2014-ல் ஸ்காட் ஆற்று நீர்ப்பிடிப்பு மன்றம் ஓடைகளில் கட்டைகளை வரிசையாக அறைந்து, நடுவே வளையும் வில்லோ கிளைகளைப் பின்னி, பீவர் கட்டுவதுபோலவே தடுப்புகள் போட்டது. கலிபோர்னியாவில் இப்படி அனுமதி பெற்றுச் செய்தது அதுவே முதல். தடுப்புக்குப் பின்னால் மடு உருவானது, பக்கத்து நிலத்தடி மட்டம் ஏறியது, கோஹோ குஞ்சுகள் கூட்டமாக வந்து தங்கின. பிற்பாடு நிஜப் பீவர்களே வந்து மனிதர் கட்டியதைச் சரிபார்த்துக் கட்டின என்பது கூடுதல் மகிழ்ச்சி.

இவை போதுமா? போதாது. குளிர்கால வெள்ளம் வருகிற ஆண்டில்தான் வயலில் தேக்க முடியும். தொடர் வறட்சியில் வெள்ளமே வராது. அப்போது மோட்டாரைக் குறைப்பதைத் தவிர மாற்று இல்லை. குறைப்பவருக்கு அரசு நட்ட ஈடு தரவேண்டும், அதையும் மே மாதத்துக்குள் தரவேண்டும். புல் காய்ந்த பிறகு வரும் காசோலை யாருக்கும் உதவாது. ஆண்டுக்கு இத்தனை டி.எம்.சி. என்று சராசரி போட்டு நீரை நிர்வகிப்பவர்களுக்கு இது பிடிபடுவதில்லை. மீன் சராசரியில் வாழ்வதில்லை; ஆகஸ்டில் வாழ்கிறது.

2024-க்குள் கிளாமத்தின் நான்கு அணைகள் உடைத்து அகற்றப்பட்டன. அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு பெரிய அணை அகற்றம் நடந்ததில்லை. 2024 அக்டோபரிலேயே சினூக் மீன்கள் பழைய அணைகள் இருந்த இடத்தைத் தாண்டி ஆரிகனுக்குள் ஏறின. சுவர் நின்ற இடத்தில் சுவரை எடுத்தால் மீன் வந்துவிடுகிறது. ஸ்காட்டில் சுவர் கிடையாது. ஆயிரம் சின்னக் குழாய்களில் போகிற ஓட்டத்தை உடைத்துத் திறக்க வெடிமருந்து இல்லை.

2014 சட்டப்படி ஸ்காட் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர்த் திட்டம் 2022 ஜனவரியில் அரசிடம் கொடுக்கப்பட்டது. நிலையான அளவை எட்ட அது எடுத்துக்கொண்டிருக்கும் கெடு 2042. கோஹோவின் ஆயுள் மூன்று ஆண்டு. அந்தக் கெடுவுக்குள் ஆறு தலைமுறை மீன்கள் ஸ்காட்டின் ஆகஸ்டைத் தாண்டியாகவேண்டும்.